மாமனாரின் டிரான்சிஸ்டரை நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட விதம்

அலட்சியத்தால் கெட்டுப்போன பொருள்களைவிட அக்கறையால் கெட்டுப்போன பொருள்கள்தான் உலகத்தில் அதிகம். அலட்சியக்காரி கையில் ஒரு சாமானைக் கொடுத்தால் அது ஏதோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தில்லை. அக்கறைக்காரி கையில் கொடுத்தால் போச்சு. துடைப்பாள், மூடுவாள், கட்டுவாள், அவிழ்த்துப் பார்ப்பாள், மறுபடி கட்டுவாள். கடைசியில் அது மூச்சை விட்டுவிடும். நான் பெரிய அக்கறைக்காரி. சந்தேகம் இருந்தால் எங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். (கேட்காதீர்கள். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.)

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது செம்பூரில் புது மருமகள். பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. அப்பாவுக்கு அங்கே தோல் கிடங்கில் வேலை. மாட்டுங்காவில் டைப்ரைட்டிங் படித்து, ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். கப்பல் கம்பெனியே தவிர, கப்பலையோ படகையோ நான் கிட்டத்தில் பார்த்தது கிடையாது. என் மேஜைக்கு வந்ததெல்லாம் காகிதம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும்.

கல்யாண லீவு முடியப்போகிறது. திங்கட்கிழமை காலை என் நாற்காலியில் நான் இல்லையென்றால் வேறொரு பெண் உட்கார்ந்துவிடுவாள் என்று மேனேஜர் சொல்லியனுப்பிவிட்டார். எனக்கோ அந்த வேலையின்மேல் உயிர். டைப் அடிக்கும் சத்தம், மத்தியானம் ஜன்னலோரம் தோழிகளோடு டப்பா திறந்து சாப்பிடுவது, காலை ரயிலில் யாருக்கும் பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு போவது, இதையெல்லாம் விட்டுவிடவேண்டுமா என்று நினைத்தாலே அழுகை வந்தது. மாமியார் பிடிகொடுக்கவில்லை.

"ஏ பிள்ள, ரீத்தா பச்ச ஒடம்புக்காரி. பேறுகாலத்துக்கு வந்தவள நான் பாப்பேனா, சோறு பொங்குவேனா? நீ பையை மாட்டிக்கிட்டு ரயிலேறிப் போயிட்டா வீட்ட யாரு பாக்கது?"

ரீத்தா என் நாத்தனார். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, ஒரு மாதக் குழந்தையோடு இருந்தாள். மாமியார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதுதான் என் கஷ்டம். கடைசி வார்த்தை மாமனாருடையது. அவரோ, "ஞாயித்துக்கெழம சொல்லுதேன்" என்று தள்ளிப் போட்டுவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் தாமஸ் ராத்திரி ரகசியமாக ஒரு வழி சொன்னார். "ஞாயித்துக்கெழம முதல் பூசை முடிஞ்சதும் அப்பா மீன் பிடிக்கப் போவாரு. நம்மளும் கூடப் போவோம். கூடை நெறைய மீனோட திரும்பும்போது கேளு. அந்த நேரத்துல நீ அவரு மீசையைக் கேட்டாக்கூடக் குடுத்துருவாரு."

மாமா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டிராம்பே பக்கம் ஒரு ஆலையில் ஸ்டோர் கீப்பர். வாரம் முழுக்க ஆலைக்கு உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டிராம்பே கரையில் துக்காராம் என்ற கோளி மீனவரின் படகில் ஏறித் தூண்டில் போடுவார். தூண்டிலை மறந்தாலும் மறப்பார், டிரான்சிஸ்டரை மறக்கமாட்டார். கப்பலில் வேலை பார்த்த அவர் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது. தோல் உறை, பளபளக்கும் ஏரியல், தந்த நிறத்தில் திருகுகிற குமிழ். தபாலாபீசில் வாங்கிய லைசென்ஸ் வேறு. எங்கள் வீட்டில் அரசாங்க அங்கீகாரம் பெற்ற ஒரே ஜீவன் அதுதான்.

தமிழ்ப் பாட்டுக் கேட்டால் மீன் மயங்கி வரும் என்பது மாமாவின் நம்பிக்கை. ஆனால் கையில் தூண்டிலும் புழுவும் இருக்கும்போது டிரான்சிஸ்டரைத் தொடமாட்டார். யாராவது வைத்துக்கொள்ளவேண்டும். நான் முந்திக்கொண்டேன்.

"நான் பாத்துக்கிடுதேன் மாமா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டிரான்சிஸ்டரைக் குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் தந்தார்.

"பாத்துக்கோ தாயி. தண்ணி ஆகாது. வெயில் ஆகாது. உப்புக் காத்து உள்ள போனா கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போவும். குலுங்கப்படாது. கீழ விழுந்துச்சோ, அத்தோட முடிஞ்சுது."

(என்னைக் கட்டிக்கொடுக்கும்போது என் அப்பா என்னைப் பற்றி இதில் பாதிகூடச் சொல்லவில்லை.)

சனிக்கிழமை சாயந்தரமே நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். தண்ணீர் ஆகாதாமே, அதற்கு என்ன செய்வது? ரீத்தாவின் குழந்தைக்கு அடியில் விரிக்க இரண்டு ரப்பர் ஷீட் இருந்தன. ஒன்றை எடுத்து அளவு பார்த்து வெட்டி, டிரான்சிஸ்டருக்கு ஒரு கோட்டுத் தைத்தேன். சத்தம் வரவேண்டுமே என்று ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் ஊசியால் வரிசையாகத் துளை போட்டேன். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று உள்ளே கொஞ்சம் பவுடரும் தூவினேன். கொஞ்சம் என்றா சொன்னேன்? டப்பாவில் பாதி. அப்புறம் கீழே விழாமல் இருக்கவேண்டும். அதற்குத் துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை டிரான்சிஸ்டரின் தோல்வாரில் முடிந்தேன். மறுமுனையைப் படகில் ஏறியதும் அசையாத எதிலாவது கட்டிவிடுவது என்று திட்டம். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. இவ்வளவு பொறுப்பான பெண்ணை யாராவது வேலைக்குப் போகாதே என்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் பிடித்து டிராம்பே கரைக்குப் போனோம். துக்காராம் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ரப்பர் கோட்டுப் போட்ட மூட்டையையும் பார்த்தார். "சோட்டா பேபி ஹை க்யா?" என்று கேட்டார். கைக்குழந்தை என்று நினைத்துவிட்டாராம். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படகு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு பேர் உட்காரலாம், ஐந்தாவது ஆள் வந்தால் சண்டை வரும். முன்பக்கம் மாமா, பின்பக்கம் துடுப்போடு துக்காராம், நடுவில் நானும் இவரும். என் காலடியில் சாக்குப் போட்டு மூடிய ஒரு கனமான இரும்புச் சாமான். மேலே அழகாக ஒரு வளையம். காலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. படகோடு சேர்த்து அடித்தது என்று முடிவு கட்டினேன். கொடிக்கயிற்றின் மறுமுனையை அந்த வளையத்தில் போட்டு, ஒன்றுக்குமேல் ஒன்றாக முடிச்சுப் போட்டு இறுக்கினேன். இனி பிரளயமே வந்தாலும் டிரான்சிஸ்டர் எங்கும் போகாது.

அது என்ன சாமான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். படகில் ஏறியவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது, நான் என்ன செய்ய?

கொஞ்ச தூரம் போனதும் மாமா, "பாட்டு வையி தாயி" என்றார். வைத்தேன். கொழும்பிலிருந்து வந்த பாட்டு ரப்பர் கோட்டுக்குள்ளிருந்து, பாடுகிறவர் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவதுபோல் வந்தது. ஒவ்வொரு பல்லவிக்கும் துளைகள் வழியாகக் கொஞ்சம் பவுடர் பறந்தது. துக்காராம் இந்திப் பாட்டு வைக்கச் சொன்னார். மாமா, "மீனுக்கு இந்தி தெரியாதுவே" என்று தமிழிலேயே மறுத்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 'மாமா, விடியுமுன்னே எழுந்து சமையலை முடிச்சுட்டுத்தான் ஆபீசுக்குப் போவேன். சாயங்காலம் நேரே வந்துருவேன்.' எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எந்த இடத்தில் கண்ணைத் துடைப்பது என்பதுவரை முடிவாகியிருந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர், "வயித்தப் பொரட்டுது" என்றார்.

பரம்பரை பரம்பரையாகக் கடலைப் பார்த்து வளர்ந்த குடும்பத்தின் வாரிசு. அலையே இல்லாத கழிமுகத்தில் அவருக்குக் குமட்டியது. படகு விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். நான் பதறிப்போய் மடியிலிருந்த டிரான்சிஸ்டரைப் பலகைமேல் வைத்துவிட்டு, அவர் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சவத்துப் பய, மானத்த வாங்குதான்" என்றார் மாமா. பிறகு தண்ணீரை உற்றுப் பார்த்து, "இங்கதான், இங்கதான்! துக்காராம், லங்கர் போடு!" என்று கத்தினார்.

துக்காராம் எழுந்து வந்தார். சாக்கை விலக்கினார். படகோடு சேர்த்து அடித்திருந்த அந்த இரும்புச் சாமானைச் சர்வசாதாரணமாகத் தூக்கினார். மாமா காட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டு வீசினார்.

நான் திரும்பிப் பார்த்தபோது கொடிக்கயிறு சுருள் சுருளாக அவிழ்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஐயோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டிரான்சிஸ்டர் பலகையிலிருந்து எம்பி, என் தோளுக்குமேல் பறந்து, ஏரியல் மினுக்க, பாடிக்கொண்டே தண்ணீருக்குள் போனது. சரணத்தின் நடுவில் போனது. அடுத்த வரிக்குப் பதில் நாலு குமிழி வந்தது.

இவருக்கு வாந்திகூட நின்றுவிட்டது.

"என்னது போச்சு?" என்றார் மாமா, தெரிந்துகொண்டே.

"மாமா, விழுந்துரப்படாதேன்னு... கட்டிவச்சேன் மாமா."

"எதுல கட்டுன?"

நான் விரலால் தண்ணீரைக் காட்டினேன்.

துக்காராம் அவசரமாக நங்கூரக் கயிற்றை இழுத்தார். முதலில் இரும்பு வந்தது. அப்புறம் சேற்றோடு என் கொடிக்கயிறு. அதன் முனையில் டிரான்சிஸ்டர், ஊசித் துளைகள் ஒவ்வொன்றிலும் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு வந்தது. கோட்டுக்கு வெளியே ஒரு நண்டு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலை எங்கள் படகுக்குக் கிடைத்த ஒரே பிராணி அது. மாமா அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. மீன் வெட்டும் கத்தியை எடுத்து அறுத்தார். அறுத்துவிட்டு மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"முடிச்சு மட்டும் நல்லாத்தான் போட்டுருக்க."

அதன்பிறகு வீடுவரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸில் டிரான்சிஸ்டர் என் மடியில் சொட்டிக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் சேலையைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். டிரான்சிஸ்டருக்காகப் பாதி, என் நாற்காலிக்காகப் பாதி. அதில் உட்காரப்போகும் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரிந்தது. மூக்கும் முழியுமாக நன்றாகத்தான் இருந்தாள், பாழாய்ப் போனவள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா குளித்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று பாயில் படுத்துவிட்டார். மாமியார் ரப்பர் ஷீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். இவர், "நாளைக்குக் கடையில குடுத்துப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவரும் படுத்துவிட்டார். நாளைக்கா? எனக்கு நாளைக்கு என்ற ஒன்றே இருக்கப்போவதில்லையே! மாமா எழுந்திருப்பதற்குள் டிரான்சிஸ்டர் பாடவேண்டும். பாடினால்தான் நான் வாயைத் திறந்து வேலை பற்றிக் கேட்க முடியும்.

யோசித்தேன். உள்ளே போனது உப்புத் தண்ணீர். உப்பை எடுக்க என்ன செய்யவேண்டும்? நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். ரப்பர் கோட்டையும் தோல் உறையையும் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து, பேட்டரியை எடுத்துவிட்டு, குழாயடியில் வைத்துக் குளிப்பாட்டினேன். சேறு போகத் தேய்த்தேன். குமிழை முன்னும் பின்னும் திருகிக் கழுவினேன். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். சரி, இனிக் காயவேண்டும். வெளியே வெயில் இருந்தது. ஆனால் மாமா சொல்லியிருக்கிறாரே, வெயில் ஆகாது என்று. அவர் பேச்சை மீறுவேனா?

அந்த நேரம் ரீத்தா தலைக்குக் குளித்துவிட்டு, சாம்பிராணிப் புகையில் கூந்தலைக் காயவைத்து எழுந்து போனாள். கரிச்சட்டியில் நெருப்பு இன்னும் இருந்தது. மேலே கவிழ்த்த மூங்கில் கூடை. குழந்தையைக் குளிப்பாட்டினாலும் அந்தக் கூடைமேல்தான் துணியைச் சூடு பண்ணுவார்கள். எனக்கு மண்டைக்குள் பளிச்சென்றது. பச்சைக் குழந்தைக்கே ஆகிறது, டிரான்சிஸ்டருக்கு ஆகாதா?

கூடைமேல் படுக்கவைத்தேன். சூடு வெளியே போகாமல் ஒரு துண்டால் மூடினேன். நெருப்புக் கொஞ்சம் மந்தமாகத் தெரிந்ததால் இன்னும் நாலு கரி போட்டு விசிறினேன். வெறும் சூடாக இருக்கிறதே என்று ஒரு கை சாம்பிராணியும் தூவினேன். அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை தானாகப் போய்விட்டது.

நண்டைச் சுத்தம் பண்ண அடுப்படிக்குப் போனேன். அந்த நண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதோடு மல்லுக்கட்டி முடித்தபோது கூடத்திலிருந்து ரீத்தாவின் அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கூடம் முழுக்கப் புகை. பாதிப் புகை கோயில் வாசனை, மீதி டயர் எரிகிற வாசனை. குழந்தை வீரிட்டது. பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். "தண்ணீர் வேண்டாம், தண்ணீர் ஆகாது!" என்று நான் குறுக்கே விழுந்து கத்தினேன். இவர் துண்டைப் பிடுங்கினார். டிரான்சிஸ்டரின் ஒரு பக்கம் உருகி, மூங்கில் கூடையின் பின்னல் அதன்மேல் அச்சாகப் பதிந்திருந்தது. தந்த நிறக் குமிழ் உடம்போடு ஒட்டிப் போயிருந்தது.

மாமியார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடைப் பக்கத்தில் கிடந்த வெட்டுப்பட்ட ரப்பர் ஷீட்டையும் பார்த்தார்.

"ஏ பிள்ள... குளிப்பாட்டுனியா?"

"ஆமா அத்தை."

"பவுடர் போட்டுச் சாம்பிராணியும் போட்டியா?"

"ஆமா அத்தை. பவுடர் நேத்தே போட்டாச்சு."

"மை எழுதிப் பொட்டு வைக்கலியா?"

மாமா எழுந்து வந்து எல்லாரையும் விலக்கிவிட்டு உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து புது பேட்டரி எடுத்தார். பேட்டரியைப் போட்டு, எது ஸ்விட்ச் என்று தேடி அழுத்தினார். கரகரவென்று ஒரு சத்தம். மூச்சுத் திணறல். ஒரு தும்மல் மாதிரி பவுடர் பறந்தது. அப்புறம், கடவுளே, ஓர் ஆம்பிளைக் குரல் பேசத் தொடங்கியது! தொண்டை கட்டிய குரல், ஆனாலும் குரல். குஜராத்தியில் பருத்தி விலையை வாசித்துக்கொண்டிருந்தது.

மாமா குமிழைத் திருகினார். அது அசையவே இல்லை. நான் கழுவும்போது எங்கே கொண்டுபோய் நிறுத்தினேனோ, அங்கேயே உருகி உறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் எல்லாரும் பருத்தி விலையைக் கேட்டோம். மாமாவின் மீசை லேசாக ஆடியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "செத்தத எழுப்பிட்டாளேட்டி பிலோமி!" என்று மாமியாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாமியார் சிரிக்கவில்லை. கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். சுவர்க் கடியாரம், தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, தொட்டிலில் பேத்தி. ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்தாங்க" என்றார் மாமாவிடம். "இவ லீவு என்னைக்கு முடியுது?"

"இன்னைக்குத்தான்."

"நாளைக்கே வேலைக்கு அனுப்புங்க. சோறு நான் பொங்கிக்கிடுதேன். ரீத்தாவ நான் பாத்துக்கிடுதேன். இவ வீட்டப் பாத்துக்கிட வேண்டாம்! மிச்சம் இருக்கதாவது பொழைச்சுக் கெடக்கட்டும்."

நான் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டேன், புகைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு. மறுநாள் காலை செம்பூர் ஸ்டேஷனில் ரயில் வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் மனசு குளிர்கிறது. தலைமுடியில் சாம்பிராணியும் டயரும் கலந்து மணத்தது. பக்கத்தில் நின்றவள் மூக்கைப் பொத்தினாள். பொத்தட்டுமே! என் நாற்காலிக்கு நான் போய்க்கொண்டிருந்தேன்.

டிரான்சிஸ்டரை மாமா எறியவில்லை. கடைக்குக் கொடுக்கவும் மறுத்துவிட்டார். சாகும்வரை தினமும் குஜராத்தியில்தான் கேட்டார். கடைசியில் பருத்தி வியாபாரிகளோடு சரிக்குச் சரியாகப் பேசும் அளவுக்கு அந்தப் பாஷை வந்துவிட்டது. அது சூடானால் வீடு முழுக்கச் சாம்பிராணி வாசனை வரும். விருந்தாளிகள் ஜெபம் நடக்கிறதாக்கும் என்று செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார்கள். என் பிள்ளைகள் இன்றைக்கும் பாஸ்போர்ட்டோ சர்டிபிகேட்டோ கையில் வந்தால், "பத்திரமா வைக்கணும், நங்கூரம் எங்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் பீரோவைத் திறப்பார்கள். மகன் கோவாவில் படகில் போனபோது, போனை மருமகளிடம் கொடுத்து, "நீ அலட்சியமா வச்சுக்கோ, அது போதும்" என்றானாம்.

அதே கம்பெனியில் இருந்து, அதே ரயிலில் போய்வந்து, முடி நரைத்து ரிட்டயர் ஆனேன். கடைசி நாள் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தேன். மாமியார் அப்போது ரொம்பத் தளர்ந்திருந்தார். நான் காலைத் தொட்டபோது தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பிறகு சந்தேகத்தோடு, "அப்போ நாளையிலேருந்து வீட்டுலயேவா இருப்ப?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை. இனிமே வீட்ட நான் பாத்துக்கிடுதேன்."

மாமியார் என் மகனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏ ராசா, அந்த டி.வி.யத் தூக்கி உன் ரூம்புல வச்சுப் பூட்டிரு."